சூடு ஆறாத நாற்காலி

இது நடந்தது. என் வீட்டில், என் உடம்பின் மேல் நடந்தது. கேள்விப்பட்டதை எழுதவில்லை. கனவும் இல்லை. நம்பாதவர்கள் நேரில் வாருங்கள், என் இடுப்பில் இருக்கும் பத்துத் தழும்புகளையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பல் மருத்துவர் ஒருவரிடம் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ஊரார் வாய்க்குள் போய் வந்த கருவிகளைக் கழுவி, கொதிக்க வைத்து, உறையில் போட்டு அடுக்குவது என் வேலை. சீழ், ரத்தம், சொத்தைப் பல் எல்லாம் பார்த்த கை இது. அதனாலேயே வீட்டில் கதவுப் பிடியைக் கூடத் துடைக்காமல் தொட மாட்டேன். இதற்காக என் வீட்டுக்காரர் எனக்கு 'சோப்பு டப்பா' என்று பேர் வைத்திருக்கிறார். வைத்துவிட்டுப் போகட்டும். எனக்கு அழுக்கு என்றால் ஆகாது. அவ்வளவுதான்.

எங்களோடு இருப்பது என் அம்மா. அவள் அறை மாடியில். வீட்டுக்கு இருக்கும் ஒரே குளியலறையும் மாடியில். மாடிக்குப் பதினான்கு படி. ஏழு படி நேராகப் போகும், எட்டாவதில் இடப்பக்கமாக வளைந்து திரும்பும். வளைவில் படி ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் விரல் அளவு. என் மாமனார் கட்டிய வீடு. மனுஷன் எதை நினைத்து அப்படி வளைத்தாரோ தெரியவில்லை. அந்த வளைவில்தான் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை முடிந்தது. பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு அம்மா படியில் கால் வைக்கவே கூடாது. வீட்டில் படியேற்றும் நாற்காலி, அதாவது படியோரத் தண்டவாளத்தில் மோட்டாரில் ஏறி இறங்கும் நாற்காலி, மாட்ட வேண்டும். இல்லையென்றால் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

"கீழே ஹால்லயே கட்டில் போட்டு, திரை கட்டி, பக்கத்துல கழிப்பறை நாற்காலி வெச்சுடலாமாம்மா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"வர்றவன் போறவன் முன்னாடியா? ச்சீ" என்றாள் அம்மா.

"அப்ப இல்லத்துல..."

"அங்க விட்டீன்னா நான் திரும்பி வர மாட்டேன்."

அழவில்லை. கோபமும் இல்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள்.

மறுநாளே ஒரு ஃபிட்டரைக் கூப்பிட்டோம். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசாத ஆள். ஒவ்வொரு படியிலும் எண் போட்ட தாள் ஒட்டினார். எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தார். டேப் வைத்து அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"நேர் படின்னா எந்தத் தண்டவாளமும் வெட்டி மாட்டிடலாம் மேடம். வளைஞ்ச படிக்கு அப்படி முடியாது. அந்த வீட்டுக்குன்னே வளைக்கணும். ஒரு வீட்டுது இன்னொரு வீட்டுக்கு உட்காராது."

"எத்தனை நாள் ஆகும்ணே?"

"ஆறு வாரம்."

எங்களிடம் இருந்ததோ பதினோரு நாள்.

என் வீட்டுக்காரர் எதையும் பழைய சாமானாக வாங்கினால்தான் தூங்குவார். அன்று சாயங்காலமே ஒரு பழைய மருத்துவச் சாமான் வியாபாரியைப் பிடித்துவிட்டார். "வளைஞ்ச தண்டவாளமே நாலு இருக்காம்" என்றார். ஃபிட்டர் தலையை ஆட்டினார். "ஆசைக்குப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, அளவுத் தாளோடு கூடவே வந்தார்.

கிடங்கில் தண்டவாளத்தோடு நான்கு நாற்காலிகள் இருந்தன. முதலாவதின் மெத்தை இடுக்கில் பழைய பிஸ்கட் தூள், அதில் எறும்பு. பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டாவதில் கால்பலகை சென்சார் வேலை செய்யவில்லை. கால்பலகையில் ஏதாவது இடித்தால் நாற்காலி தானாக நிற்க வேண்டும், நிற்காவிட்டால் கால் நசுங்கும் என்றார் ஃபிட்டர். மூன்றாவதில் இருக்கை திரும்பவே இல்லை. மேல்படிக்குப் போனதும் நாற்காலி தரைப் பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டுமாம். இல்லாவிட்டால் இறங்கும்போது படிப் பக்கம் கவிழ வேண்டியதுதான்.

நான்காவது நாற்காலிக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் அதைத் தேர்ந்தெடுத்தது அதற்காக இல்லை. கைப்பையிலிருந்து வெள்ளைத் துணி எடுத்து அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. சுற்றிலும் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. இதன்மேல் மட்டும் ஒரு பொட்டு இல்லை.

உட்கார்ந்து பார்த்தேன். நல்ல சொகுசு. மெத்தை கொஞ்சம் வெதுவெதுவென்று இருந்தது. பேருந்தில் யாரோ எழுந்து போன இடத்தில் உட்காரும்போது ஒரு சூடு இருக்குமே, அது. எனக்கு அது ஆகவே ஆகாது. சட்டென்று எழுந்துவிட்டேன். வெயில் பட்டிருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கிடங்கில் ஜன்னல் கிடையாது.

சனிக்கிழமை காலை 11.10. ஃபிட்டர் தண்டவாளத்தைப் படியில் வைத்தார். இரண்டு இடத்தில் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும், அப்படியும் சரிப்படாமல் போகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். வெட்ட வேண்டியிருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்தது. கீழ்ப்படியில் தொடங்கி வளைவில் வளைந்து மேல்படியில் முடிந்தது. மயிரிழை கூட இடைவெளி இல்லை.

"பாத்தியா, நம்ம ராசி" என்று என் வீட்டுக்காரர் குதித்தார்.

ஃபிட்டர் சிரிக்கவில்லை. அளவுத் தாளைப் பார்த்தார். தண்டவாளத்தைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"பதினேழு வருஷமா மாட்டறேன் மேடம். இப்படி உட்கார்ந்ததில்ல."

காபி போடட்டுமா என்று கேட்டேன். தண்ணீர் கூட வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். போகும்போது, "அம்மாவை உட்கார வைக்கிறதுக்கு முன்னாடி பாரம் வெச்சு ஓட்டிப் பாருங்க. கரண்ட் போனாலும் பேட்டரியில ஓடும். அதையும் பாத்துடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை 7.15. படி துடைத்துக்கொண்டிருந்தேன். எட்டாவது படியில் ஒரு நாற்றம். ஈரத் துணியை வாளியில் போட்டு, மூடி, ஒரு வாரம் மறந்துவிட்டால் வருமே... அது. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. தித்திப்பான நாற்றம். வேலை செய்யும் இடத்தில் அழுகிய ஈறில் அடிக்கும். ஒன்பதாவது படியில் இல்லை. ஏழாவதில் இல்லை. எட்டாவதில் மட்டும்.

மூன்று தடவை கழுவினேன். கிருமிநாசினி ஊற்றித் தேய்த்தேன். நாற்றம் அசையவில்லை.

திங்கட்கிழமை. நாற்காலியின் இடுப்பு பெல்ட்டில் இருந்த பக்கிளைத் துடைக்கும்போது ஒரு முடி மாட்டியிருந்தது. நரைமுடி. இழுத்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளத்துக்கு வந்த பிறகுதான் முடிந்தது. முனையில் வெங்காயச் சருகு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரமாக.

அது தோல்.

ஓடிப்போய்க் கையைக் கழுவினேன். எத்தனை தடவை என்று தெரியாது. எங்கள் வீட்டில் நரைமுடி யாருக்கும் கிடையாது. அம்மாவோ சாகிற வரைக்கும் சாயம் பூசுவேன் என்கிறவள். சனிக்கிழமை நான் இதே பக்கிளைத் துடைத்தேன். அன்று ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பழைய சாமான்னா நாலு முடி இருக்கத்தான் செய்யும், சோப்பு டப்பா."

செவ்வாய், காலை 9.30. இரண்டு பெரிய தண்ணீர்க் கேன்களை நிரப்பி நாற்காலியில் வைத்தோம். பெல்ட்டைச் சுற்றிப் போட்டேன். வீட்டுக்காரர் ரிமோட்டை அழுத்தினார். ம்ம்ம்ம்... என்று உறுமிக்கொண்டு ஏறியது. எட்டாவது படியில் நின்றது. வழியில் எதுவும் இல்லை. பதினோரு விநாடி. நானே எண்ணினேன். பிறகு தானாக ஏறியது. மேலே போய்த் திரும்பியது. இறங்கி வந்தது.

கேன்கள் நசுங்கியிருந்தன. இரண்டும் நடுவில் ஒடுங்கி, மூடி தெறித்து, தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பெல்ட் தளர்வாகத்தான் கிடந்தது.

"கேன் பழசு" என்றார் வீட்டுக்காரர். ஆனால் இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஏன் அப்போதே கழற்றி எறியவில்லை என்று கேட்பீர்கள். வியாழக்கிழமை அம்மா வருகிறாள். நாற்காலி இல்லையென்றால் இல்லம். இல்லம் என்றால் அம்மா திரும்பி வர மாட்டாள். இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுத்தான் மூக்கையும் கண்ணையும் மூடிக்கொண்டேன். அன்று மாலை போனில் அம்மா கேட்டாள்.

"நாற்காலி நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கும்மா."

"விழ மாட்டேன்ல?"

"விழவே மாட்டே."

போனை வைத்துவிட்டு, கைப்பிடியைத் துடைத்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. துணியில் பழுப்பாக ஐந்து கோடு. எதிர்ப் பக்கத்துக் கைப்பிடியிலும் ஐந்து. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

புதன்கிழமை.

வீட்டுக்காரர் மருத்துவமனைக்குப் போயிருந்தார், காகிதங்களில் கையெழுத்துப் போட. மாலை 6.38க்கு மின்சாரம் போனது. இருட்டத் தொடங்கியிருந்தது. சரி, பேட்டரியில் ஓடுகிறதா என்று இப்போதே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அதோடு, நானே உட்கார்ந்து போய்ப் பார்க்காமல் அம்மாவை எப்படி உட்கார வைப்பது?

மெத்தையின் மேல் துவைத்த துண்டை விரித்தேன். உட்கார்ந்தேன்.

6.41. பொத்தானை அழுத்தினேன்.

ம்ம்ம்ம்... ஒன்று... இரண்டு... மூன்று... சரியாகத்தான் போனது. ஏழாவது படியில் வேகம் குறைந்தது. வளைவில் குறையத்தான் வேண்டும், ஃபிட்டர் சொல்லியிருந்தார்.

எட்டாவது படி.

டக்.

நின்றுவிட்டது.

நாற்றம் வந்தது. இந்தத் தடவை படியிலிருந்து வரவில்லை. என் பின்னாலிருந்து வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பதினொன்று. நகரவில்லை. இருபது. நகரவில்லை. பொத்தானை அழுத்தினேன். அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன்...

மெத்தை சூடாகிக்கொண்டு வந்தது. துண்டைத் தாண்டி, புடவையைத் தாண்டி, ஈரச் சூடு ஏறியது. மெத்தை இரண்டாகப் பிளந்தது போல இருந்தது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. உள்ளே எலும்பு.

தொடைகள்.

நான் உட்கார்ந்திருந்தது ஒரு மடியில்.

எழப் பார்த்தேன். முடியவில்லை. பெல்ட் இடுப்பை இறுக்கியது. கொஞ்சம் கொஞ்சமாக. மூச்சு முட்டியது. பக்கிளைத் தேடிக் கையை விட்டேன். இடுப்பில் பக்கிள் இல்லை. செல்போன் வெளிச்சத்தைப் போட்டேன். பிறகு கீழே பார்த்தேன்.

பெல்ட் நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அதைப் போடவே இல்லை.

வெளிச்சத்தில் என் இடுப்பின் மேல் எதுவும் தெரியவில்லை. ஆனால் புடவை பள்ளமாக அமுங்கியிருந்தது. பத்து இடத்தில். ஒவ்வொன்றிலும் ஈரம் ஊறி வந்தது.

ம்ம்ம்ம்...

மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். நாற்காலி நகரவில்லை. சத்தம் கீழிருந்து வரவில்லை. என் வலது காதுக்குப் பின்னால்... குழந்தையைத் தூங்க வைக்கும்போது உதட்டை மூடிக்கொண்டு முனகுவார்களே... ம்ம்ம்ம்... ம்ம்ம்ம்... ஒவ்வொரு முனகலுக்கும் அந்தத் தித்திப்பு நாற்றம் கழுத்தில் அடித்தது.

ஈர முடி என் தோளில் விழுந்தது.

பிறகு ஒரு கன்னம் என் கன்னத்தோடு ஒட்டியது. ஒட்டி... விலகும்போது எதையோ என் முகத்தில் விட்டுவிட்டு விலகியது.

நான் வாந்தி எடுத்தேன். என் மேலேயே. முனகல் நிற்கவில்லை. வாயைத் துடைத்துவிட்டது.

எனக்கு.

ஒரு விரலால்.

7.04. வாசல் கதவு திறந்தது. வீட்டுக்காரரின் டார்ச் வெளிச்சம் படியில் விழுந்தது. பிடி விட்டது. முன்னால் கவிழ்ந்து ஏழு படியும் உருண்டேன். அவர் என்னைத் தூக்குவதற்குள் நாற்காலி புறப்பட்டுவிட்டது. காலியாக, வளைவைத் தாண்டி, மேல்படி வரை போனது. தரைப் பக்கம் திரும்பியது. யாரோ இறங்குவதற்கு நேரம் கொடுத்தது போல நின்றது.

வீட்டுக்காரர் மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார்.

"கதவைத் திறந்தப்ப நீ மட்டும் உட்கார்ந்திருக்கல."

வேறு எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 'சோப்பு டப்பா' என்று கூப்பிடுவதையும் அதோடு விட்டுவிட்டார்.

அன்று ராத்திரி பக்கத்துத் தெருவில் என் தோழி வீட்டில் தங்கினோம். நான்கு தடவை குளித்தேன். இடுப்பில் பத்து இடமும் புண்ணாகியிருந்தது. கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. காலை எட்டு மணிக்கு வியாபாரிக்குப் போன் போட்டேன். என்ன காரணம் என்று கேட்டார். பைத்தியம் என்று நினைத்துத் திரும்ப எடுக்காமல் போய்விடுவாரோ என்ற பயம்.

"பொருந்தல" என்றேன்.

பத்து மணிக்குள் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். பதினோரு மணிக்கு அம்மா வந்தாள். ஹாலில் கட்டிலையும் திரையையும் கழிப்பறை நாற்காலியையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பொய் சொன்னியா?"

ஆறு வாரம் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. திரைக்குப் பின்னால் போக வெட்கப்பட்டுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாள். ஆனால் வீட்டில் இருந்தாள். எனக்கு அது போதும்.

ஆறு வாரம் கழித்து, அன்றே ஆர்டர் கொடுத்திருந்த புதுத் தண்டவாளம் வந்தது. அதே ஃபிட்டர்தான் மாட்டினார். முடித்துவிட்டு, இந்தத் தடவை காபி குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் பேசினார்.

"அந்தப் பழைய தண்டவாளத்து முனையில நம்பர் அடிச்சிருந்துச்சு மேடம். மனசு கேக்கல. செஞ்ச இடத்துலயே விசாரிச்சேன்."

தனியாக இருந்த ஒரு அம்மாவுக்காகச் செய்ததாம். ஒரே மகள், வெளியூரில். மோட்டார் பழுதாகி, நாற்காலி வளைவில் நின்றுவிட்டதாம். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லாதவர், இறங்க முடியவில்லை. எட்டு நாள் கழித்துத்தான் கதவை உடைத்திருக்கிறார்கள். வெயில் காலம். மெத்தையோடு மெத்தையாக...

"போதும்ணே."

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ரெண்டு கையையும் முன்னாடி கோத்து வெச்சிருந்தாங்களாம். மடியில குழந்தையை வெச்சுப் பிடிச்சிக்கிற மாதிரி. பிரிக்கவே முடியலையாம்."

காபியை ஒரு வாய் குடித்தார்.

"அந்த வீட்டுப் படி வலப்பக்கம் வளையுது மேடம். உங்களுது இடப்பக்கம்."

அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஃபிட்டர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் திருப்பிக் கொடுத்த அதே வாரம் விற்றுவிட்டார்களாம். மாட்டிக் கொடுக்க இவரைத்தான் கூப்பிட்டார்களாம். மறுத்துவிட்டார். வேறு ஆள் மாட்டியிருக்கிறான்.

"வெட்ட வேண்டியதே வரலன்னு சொன்னான்."

நசுங்கிய கேனையும் அந்த முடியையும் நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. ஆனால் அதையெல்லாம் கழுவிவிட்டேன். 'பொருந்தல' என்று நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் எதைப் போட்டும் கழுவ முடியவில்லை. என் அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லாமல், அந்த மடியை இன்னொருத்தியின் அம்மாவுக்கு அனுப்பிவைத்தேன். என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஃபிட்டர் எப்படியோ அந்த வீட்டு எண்ணை வாங்கிக் கொடுத்தார். நேற்று காலை 10.20க்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். என் வயதுதான் இருக்கும், குரலில் தெரிந்தது. முன்பு அந்த நாற்காலி எங்கள் வீட்டில் இருந்தது என்று சொன்னேன். அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை.

"ஐயோ, உங்களுக்குத்தாங்க நன்றி சொல்லணும்! அம்மாவுக்கு அவ்ளோ பிடிச்சிருக்கு. ஏறி உட்கார்ந்தா எறங்கவே மாட்டேங்கறாங்க."

"இல்லம்மா, நான் சொல்றதை..."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. நேத்து ராத்திரி அந்தத் திருப்பத்துலயே நிறுத்திட்டுத் தூங்கிட்டாங்க. நல்ல தூக்கம். இன்னும் எழுப்பல."